பால்மரமும் கப்பலேறி வந்ததுதான்: மலேசியச் சமகாலக் கலை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உள்ள கலைக்கூடங்களுக்குத் தமிழ் நண்பர்களையும் உறவினர்களையும் சில ஆண்டுகளாக அழைத்துச் சென்றுவருகிறேன். ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணிகள் (எழுத்தர்கள்), கல்லூரி மாணவர்கள் என வருபவர்கள் மாறினாலும் கேள்விகள் ஏறக்குறைய மாறுவதில்லை. அவற்றையும் எனக்குத் தெரிந்த விடைகளையும் இங்கே எழுதிவைக்கிறேன். இது கலைஞர்களின் முழுப் பட்டியல் அன்று. இயற்கை, நினைவு, பண்பாட்டு அடையாளம் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்டவர்களில், தோட்டத்து வாழ்க்கையைக் கண்டும் கேட்டும் வளர்ந்த ஒருவருக்கு நெருக்கமாகத் தோன்றக்கூடிய சிலரை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சமகாலக் கலை என்று ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? ஓவியம், சிற்பம் என்றால் போதாதா?

பல நேரங்களில் போதாது. தைத்துச் சேர்த்த இலைகள், முடைந்த பாய், கிழித்து ஒட்டிய புத்தகத் தாள், யாரோ ஒரு குடும்பத்தின் பழைய படம் ஆகியவை இன்று கலைப்படைப்புகளாகக் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. இவற்றை ஓவியம் என்றோ சிற்பம் என்றோ அழைத்தால் சொல் பொருந்துவதில்லை.

இயற்கை, நினைவு, அடையாளம் ஆகிய மூன்றையும் ஏன் எப்போதும் ஒன்றாகவே சேர்த்துப் பேசுகிறார்கள்?

மலேசியாவில் அவற்றைப் பிரித்துப் பேச முடியாது என்றே நான் கருதுகிறேன். பால்மரம் என்று நாம் சொல்லும் ரப்பர் மரத்தையே எடுத்துக்கொள்வோம். அது இந்த மண்ணின் மரம் அன்று. 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுசேர்த்தார். முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877ஆம் ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில மலாயாவின் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த மரம் வேர்பிடித்துத் தோட்டங்களாகப் பெருகியபோது, பால் வெட்டுவதற்குக் கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். அதற்கு முன்பே பினாங்கை அடுத்த செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் உழைத்துக்கொண்டிருந்தனர். ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910ஆம் ஆண்டு முடிவுக்கு வந்தது; கங்காணி முறை அதன் பிறகும் நீடித்தது.

ஆகவே மரமும் கப்பலேறி வந்தது, மரத்தில் பால் வெட்டியவரும் கப்பலேறி வந்தார். எண்ணெய்ப்பனையான செம்பனையின் கதையும் இதுவே. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அம்மரம் இந்நாட்டில் வணிகத்துக்காக முதன்முதலில் நடப்பட்டது 1917ஆம் ஆண்டு, சிலாங்கூரில் உள்ள தென்னமரம் தோட்டத்தில். தோட்டத்தின் பெயரைக் கேட்டாலே அங்கு யார் இருந்தார்கள் என்பது விளங்கிவிடும். நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் பசுமையாகத் தெரிவதைக் காடு என்று வெளியூரார் எண்ணிக்கொள்கிறார்கள். அதில் பெரும்பகுதி வரிசை பிடித்து நட்ட தோட்டம் என்பது நமக்குத் தெரியும். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்றவருக்கும், மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலின் நாற்றம் உடுப்பை விட்டுப் போகாத வீட்டில் வளர்ந்தவருக்கும் கித்தாக்காடு என்ற ரப்பர் தோட்டம் குடும்ப வரலாறு. இந்நாட்டுக் கலைஞர் ஒருவர் மரத்தைக் கையில் எடுத்தால், வந்தவர் யார், இருந்தவர் யார், மண் யாருடையது என்ற கேள்விகளும் உடன் வந்துவிடுவது இதனால்தான்.

பால்மரத்தையே பொருளாகக் கொண்ட படைப்புகள் உண்டா?

உண்டு. முதலில் சொல்ல வேண்டியவர் வோங் ஹோய் சியோங். ஜார்ஜ்டவுனில் 1960ஆம் ஆண்டு பிறந்த இவர், 1996ஆம் ஆண்டு கோலாலம்பூர் தேசியக் கலைக்கூடத்தில் நடத்திய கண்காட்சிக்கு "குடியேறிகளும் ரப்பர் மரங்களும்" என்று பொருள்படும் பெயரை வைத்தார். தம் குடும்பத்தின் கதையையும் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்களின் கதையையும் கரிக்கோலால் பெரிய தாள்களில் வரைந்திருந்தார். கரி என்பதே எரிந்த மரந்தானே என்று ஒருமுறை என்னுடன் வந்திருந்த ஓர் அம்மா சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் படங்களைப் பற்றி என்னால் வேறு மாதிரி நினைக்க முடிவதில்லை.

1998ஆம் ஆண்டு அவர் வேறு நாடுகளிலிருந்து இங்கு வந்து பரவிய செடிகளைக் கொண்டு மனிதர் அணியும் உடைகளைச் செய்தார். மலாய்க்காரரையும் பிற பூர்வகுடியினரையும் குறிக்கும் மண்ணின் மைந்தர் என்ற சொல் இந்நாட்டு அரசியலில் எவ்வளவு கனமானது என்பதை அறிந்தவர்களுக்கு அந்த உடைகளின் குறும்பு உடனே புரியும். மிளகாயும் பப்பாளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மிளகாய் இல்லாத சம்பல் என்ற மலாய்த் தொடுகறியை யாரும் கற்பனை செய்வதில்லை, அதை அந்நியம் என்று யாரும் ஒதுக்குவதுமில்லை. செடிக்குக் கிடைத்த அந்தச் சலுகை மனிதனுக்குக் கிடைத்ததா என்பதே அங்கு எழும் கேள்வி.

இன்னொரு படைப்பையும் குறிப்பிட வேண்டும். விசாரணையின்றிச் சிறைவைக்க இடமளித்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை நீக்கக் கோரி 1999ஆம் ஆண்டு முதல் பொதுமக்களிடம் பெருவிரல் ரேகைகளைத் திரட்டி, அவற்றின் நகல்களை இலைகளோடும் மலரிதழ்களோடும் சேர்த்துத் தைத்துப் பெரிய விரிப்பாக்கினார். கையெழுத்துப் போடத் தெரியாதவரைக் கைநாட்டு என்று இகழும் வழக்கம் நம்மிடையே உண்டு. எத்தனையோ பாட்டன்மார் தோட்டத்துப் பதிவேட்டில் வைத்த அதே ரேகைதான் இங்கு உரிமை கேட்கும் கையெழுத்தாக மாறியிருக்கிறது. சட்டம் 2012ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. தைத்த இலைகளோ, எல்லா இலைகளையும் போலவே வாடக்கூடியவை.

சிம்ரின் கில்லின் படங்களில் மரத்தில் எழுத்துகள் இருக்கின்றனவே, அது எப்படி?

சிம்ரின் கில் 1959ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்து மலேசியாவின் போர்ட் டிக்சனில் வளர்ந்தவர். இப்போது அவ்வூருக்கும் சிட்னிக்கும் இடையே வாழ்பவர். 1990களின் பிற்பகுதியில் புத்தகங்களின் பக்கங்களைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, செடிகொடிகளின் இலைகளிலும் தண்டுகளிலும் அவை இயற்கையாகவே முளைத்தவை போலத் தோன்றும்படி ஒட்டினார். பிறகு கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தார். தாள் மழையிலும் வெயிலிலும் கரைந்துபோயிற்று. படம் மட்டும் எஞ்சியது. மரத்திலிருந்து வந்த தாள் மரத்துக்கே திரும்புகிறது என்று பார்க்கலாம். பனையோலையில் எழுதிய மரபைச் சேர்ந்தவருக்கு இலையில் எழுத்து ஒரு விந்தையாகத் தோன்றாது. கறையானுக்கும் ஆற்றுவெள்ளத்துக்கும் சுவடிகள் போன கதை நமக்குப் பழையது.

போர்ட் டிக்சன் மக்களை அவர் எடுத்த 40 புகைப்படங்களின் தொகுதியில், ஒவ்வொருவர் தலையையும் உள்ளூர்ப் பழங்கள் மூடியிருக்கின்றன. முகம் தெரியாதபோது அவர் மலாய்க்காரரா, சீனரா, இந்தியரா என்று நம் கண் கையையும் உடையையும் நாற்காலியையும் துழாவத் தொடங்குகிறது. அப்படித் துழாவும் பழக்கம் நம்முள் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதைப் பார்க்கும்போதே உணர்கிறோம். அழைத்துச் சென்றவர்களில் பெரும்பாலோர் முதலில் சிரித்தார்கள், பிறகு பேச்சு நின்றுவிட்டது.

2001ஆம் ஆண்டு தீபகற்ப மலேசியாவில் பயணம் செய்து 260 வீட்டுக் கூடங்களை ஆளில்லாமல் படமெடுத்தார். உள், ஆழம் என்ற இரு பொருளும் தரும் "டாலாம்" என்ற மலாய்ச் சொல்லே அதற்குத் தலைப்பு. வீட்டுக்காரர் யாரென்பதைச் சுவரும் திரைச்சீலையும் சொல்லிவிடும் என்று நம்பிப் பார்க்கத் தொடங்குவோம். பாதிக்கு மேல் தவறிவிடுவோம். 2013ஆம் ஆண்டு வெனிஸ் பியன்னாலே என்ற பன்னாட்டுக் கலைக்காட்சியில் ஆஸ்திரேலியாவின் சார்பில் பங்கேற்றபோது, காட்சிக்கூடத்துக் கூரையின் ஒரு பகுதியை அகற்றி மழையையும் உதிரும் இலைகளையும் உள்ளே வரவிட்டார்.

சுற்றுச்சூழலைப் பற்றிக் கலைஞர்கள் பேசுவது அண்மைக் கால நாகரிகமா?

இல்லை. பினாங்கில் பிறந்த நிர்மலா தத் சண்முகலிங்கம் (1941-2016), வளர்ச்சியின் பெயரால் நிலமும் நீரும் பாழாவதைக் காட்டும் "ஸ்டேட்மெண்ட் 1" என்ற படைப்பைப் புகைப்படங்களையும் செய்தித்தாள் நறுக்குகளையும் கொண்டு 1973ஆம் ஆண்டிலேயே செய்தார். அழகாக வரைவதுதான் கலை என்று பலரும் எண்ணிய காலத்தில், செய்தியையும் ஆதாரத்தையும் சுவரில் மாட்டியது பெரிய துணிவு. 1986ஆம் ஆண்டு வரைந்த "ஃபிரெண்ட்ஸ் இன் நீட்" படத்தில் அமெரிக்க அதிபர் ரீகனையும் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரையும் நிழற்கூத்துப் பாவைகளாக நிறுத்தினார். பின்னர் காடழிப்பைப் பற்றிச் செய்த படைப்புக்கு, கண்டபடி மரம் வெட்டினால் வெட்டிய மரமே உன்மேல் விழும் என்று எச்சரிக்கும் மலாய்த் தலைப்பை வைத்தார். வெட்டுமரத்தைக் குறிக்கும் "பாலாக்" என்ற சொல்லுக்குள் கேட்டைக் குறிக்கும் "பாலா" ஒளிந்திருப்பது அத்தலைப்பின் நயம். இவருக்கு உரிய இடத்தை நம் தமிழ் ஏடுகள் தரவில்லை என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

தமிழர் வாழ்க்கை இந்தக் கலைக்கூடங்களுக்குள் இருக்கிறதா? நாம் பார்வையாளர் மட்டுந்தானா?

இக்கேள்வியைப் பெரும்பாலும் வயதானவர்களே, சற்று வருத்தத்தோடு கேட்கிறார்கள். இருக்கிறது என்பதே விடை, ஆனால் எதிர்பார்க்கும் வடிவில் இருப்பதில்லை.

ஜொகூர் பாருவில் 1965ஆம் ஆண்டு பிறந்த அனுரேந்திரா ஜெகதேவா, 2014ஆம் ஆண்டு ஹாங்காங் ஆர்ட் பேசல் கலைச்சந்தையில் காட்டிய படைப்பின் பெயரே "மணவறை". தாலி கட்டும் மேடையை ஒத்த ஓர் அமைப்பை எழுப்பி, குடும்பம், இழப்பு, நாட்டின் அரசியல் வாதங்கள் எல்லாவற்றையும் அதற்குள் குடிவைத்தார். ஆங்கில எழுத்தில் அந்தச் சொல்லை அசை பிரித்து எழுதியிருந்ததை எவர் எப்படி வாசித்திருந்தாலும், நம்மவர்க்கு அது உரை தேவையில்லாத சொல்.

சையது தாஜுதீன் 1943ஆம் ஆண்டு அழகன்குளத்தில் பிறந்து, சிறுவயதில் பினாங்குக்கு வந்து, மீண்டும் மதராஸுக்குச் சென்று அரசு கலை, கைத்தொழில் கல்லூரியில் பயின்றவர். தமிழகத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, 1970களின் தொடக்கத்தில் ராமாயணத்தைப் பெருஞ்சித்திரமாகத் தீட்டியவரை எந்தப் பெட்டிக்குள் அடைப்பீர்கள்? அடையாளம் பற்றி நூறு பக்கம் எழுதுவதைவிட இவர் வாழ்க்கைக் குறிப்பைப் படித்தால் போதும் என்று சில வேளைகளில் எனக்குத் தோன்றும்.

கிள்ளானில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் குமாரி நாகப்பன் விதைகளையும் காய்களையும் பெருவடிவச் சிற்பங்களாக்குபவர். ஆர்ச்சர்ட் சாலையில் உள்ள அவருடைய சாதிக்காய்ச் சிற்பத்தையும் சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் உள்ள மிளகாய்ச் சிற்பத்தையும் பலர் பெயர் அறியாமலேயே பார்த்திருப்பார்கள். சிவந்த சாகா விதைகளைக் குவித்தும் அவர் வேலை செய்திருக்கிறார். சாகா என்பது நாம் மஞ்சாடி என்றும் ஆனைக்குன்றிமணி என்றும் சொல்வதேதான். தட்டார்கள் பொன்னை எடைபோட்ட விதை அது. பினாங்கில் சாதிக்காய்ச் சாறு குடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிற்பம் நினைவுக்கு வருகிறது.

அடையாளம் என்றாலே இங்குள்ள கலைஞர்கள் ஏன் இவ்வளவு கவனமாகவும் காரமாகவும் பேசுகிறார்கள்?

1971ஆம் ஆண்டு மலாயாப் பல்கலைக்கழகத்தில் தேசியப் பண்பாட்டு மாநாடு நடந்தது. தேசியப் பண்பாடு இவ்வட்டாரப் பூர்வீக மக்களின் பண்பாட்டை அடிப்படையாகக் கொள்ள வேண்டும், பிற பண்பாடுகளின் பொருத்தமான கூறுகளை ஏற்கலாம், இஸ்லாம் அதில் முக்கிய அங்கமாக இருக்கும் என்ற மூன்று கொள்கைகள் அங்கு வகுக்கப்பட்டன. பொருத்தமானது எது என்று யார் முடிவு செய்வது என்ற கேள்வி அன்றிலிருந்து ஓயவில்லை. இதற்குப் பின் வந்த படைப்புகளைப் பார்க்கும்போது, ஒரு பாத்திக் (மெழுகிட்டுச் சாயமேற்றிய) துணியோ மணவறையோ பழைய படமோ வெறும் அலங்காரமாக வைக்கப்படவில்லை என்பதை மனத்தில் கொள்வது நல்லது.

பாய் முடைவது கைவினையல்லவா? அது எப்படிக் கண்காட்சிக்கு வந்தது?

கோத்தா கினபாலுவில் 1971ஆம் ஆண்டு பிறந்த யீ ஐ-லான், போர்னியோவில் உள்ள சபா மாநிலத்தின் ஒமாடால் தீவில் வாழும் பஜாவ் என்ற கடல்சார் இனத்துப் பெண்களோடு சேர்ந்து பாய்களை உருவாக்கிவருகிறார். ஒரு தொகுதியில் பாய்களின்மேல் மேசையின் உருவம் முடையப்பட்டிருக்கிறது. மேசை என்பது அலுவலகத்தையும் பதிவேட்டையும் மேலிருந்து ஆள்பவரையும் குறிக்கிறது. பாய் என்பது எல்லாரும் ஒரே மட்டத்தில் அமரும் தரையைக் குறிக்கிறது. மலாயில் மேசைக்கு வழங்கும் "மேஜா" என்ற சொல் போர்த்துகீசியரின் "மேசா"விலிருந்து வந்தது. தமிழின் "மேசை"யும் அங்கிருந்தே வந்தது. பாய்க்கோ இரு மொழிகளிலும் சொந்தச் சொல் இருக்கிறது. கிராணியின் மேசைக்கு எதிரில் நின்றே சம்பளம் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

கைவினை, கலை என்ற பிரிவினையைப் பொறுத்தவரை, முடைந்தவர்களுக்கும் பெயரும் பங்கும் தரப்படுகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

அப்படியானால் வாசலில் போடும் கோலமும் சமகாலக் கலையா?

அழகானது, நுட்பமானது, கணக்கு நிறைந்தது. ஆனால் வாசலில் இருக்கும்வரை அது கோலம். அந்தப் பெயரே அதற்குப் போதுமான மதிப்பு. பேரங்காடிகளில் தீபாவளிக்குப் போடப்படும் பெரிய வண்ண அரிசிக் கோலங்களைச் சிலர் இதில் சேர்ப்பதுண்டு. எனக்கு உடன்பாடில்லை.

பினாங்குத் தெருச் சுவரோவியங்களை இந்த வகையில் சேர்க்கலாமா?

ஜார்ஜ்டவுன் 2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலமானது. 2012ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுன் விழாவுக்காக லித்துவேனியக் கலைஞர் எர்னஸ்ட் சக்கரேவிக் ஆர்மேனியன் தெருவில் மிதிவண்டியில் செல்லும் இரு பிள்ளைகளைத் தீட்டினார். உண்மையான பழைய மிதிவண்டி ஒன்று சுவரோடு பொருத்தப்பட்டிருக்கிறது. வெயிலிலும் மழையிலும் மங்குவது அப்படைப்பின் இயல்பு. சுவரின் காரை உதிர்வதையும் சேர்த்துப் பார்த்தால் அது நினைவைப் பற்றிய நல்ல படைப்பு. வரிசையில் நின்று படமெடுத்துக்கொள்ளும் இடமாக மட்டும் பார்த்தால் அவ்வளவுதான். அதைப் பார்த்துப் பிற ஊர்களில் கிளம்பிய சுவரோவியங்களில் பல எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. அதே தெருக்களில் வாடகை ஏறிப் பழைய குடித்தனக்காரர்கள் வெளியேறியதைச் சொல்லும் சுவர் ஒன்றை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அரசியல் பேசும் படைப்புகளுக்குத் தடை வருமா?

வந்திருக்கிறது. சபாவின் ரானாவைச் சேர்ந்த பங்ரோக் சூலாப் என்ற குழுவினர், பெரிய மரப்பலகைகளில் செதுக்கி, மையிட்டு, துணியை விரித்து, இசைக்கேற்ப அதன்மேல் ஆடி மிதித்து அச்செடுப்பவர்கள். சபாவின் நிலையைச் சொல்லும் அவர்களது படைப்பொன்று 2017ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த கண்காட்சியிலிருந்து அகற்றப்பட்டது. அகற்றப்பட்ட செய்தியே அதைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது.

இவற்றை எங்கே போய்ப் பார்ப்பது?

கோலாலம்பூரில் துன் ரசாக் சாலையை ஒட்டியுள்ள தேசியக் கலைக்கூடம் 1958ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இந்நாட்டுக் கலையின் பெரிய சேகரிப்பு அங்குதான் உள்ளது. பிஞ்சாய் சாலையில் உள்ள இல்ஹாம் கலைக்கூடம் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் இல்லை. பினாங்கில் குருத்வாரா சாலையில் உள்ள பழைய ஹின் பேருந்துப் பணிமனை 2014ஆம் ஆண்டு முதல் கலைவெளியாக இயங்குகிறது. கூரையிழந்த சுவர்களுக்கு நடுவே புல்லும் செடியும் வளர்ந்திருப்பதால், உள்ளே தொங்கும் படங்களைவிடக் கட்டடமே என்னைப் பலமுறை நிறுத்திவைத்திருக்கிறது. மேலே சொன்ன படைப்புகள் எப்போதும் காட்சியில் இருக்கமாட்டா; புறப்படுமுன் அப்போதைய கண்காட்சி என்னவென்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பார்த்தும் ஒன்றும் புரியவில்லை என்றால்?

பெயர்ப்பலகையில் தலைப்பை விட்டுவிட்டு, எதனால் செய்யப்பட்டது என்ற வரியை முதலில் படியுங்கள். இலை, கரி, பாய், பழந்தாள் என்று அங்கே இருப்பதைக் கொண்டு உங்கள் வீட்டில் அப்பொருள் எங்கே இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். அதற்குப் பின்னும் பிடிக்கவில்லையென்றால் அடுத்த அறைக்குப் போகலாம். எல்லாப் படைப்பும் நல்ல படைப்பன்று.

எங்கள் வீட்டில் தாத்தா பாட்டியின் பழைய ஸ்டூடியோப் படங்கள் இருக்கின்றன. இவற்றுக்கும் கலைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ரெட்சா பியதாசா (1939-2007), 1980களில் தொடங்கிய தம் "மலேசியத் தொடர்" படைப்புகளில், மலாய், சீன, இந்தியக் குடும்பங்கள் ஸ்டூடியோக்களில் எடுத்துக்கொண்ட பழைய படங்களை நகலெடுத்து வண்ணமும் வடிவமும் சேர்த்துப் பெரிதாக்கினார். சாய்வு நாற்காலி, பூச்சாடி, தீட்டிய திரை, முறைத்த பார்வை என எல்லாச் சமூகத்தாரும் ஒரே ஸ்டூடியோவின் பொருள்களுக்கு நடுவே நின்றிருப்பதை அவற்றில் காணலாம்.

ஆகவே அந்தப் படங்களைத் தூக்கிப்போட வேண்டாம். பசையுள்ள ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் மெல்லப் பிரித்தெடுத்து, அமிலமில்லாத தாளுறையில் ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பேனாவால் எழுதினால் மை ஊறும் அல்லது முன்பக்கம் தடம் விழும். மென்மையான பென்சிலால் பின்புறம் பெயர், உறவுமுறை, தோட்டத்தின் பெயர், தெரிந்தால் ஆண்டு ஆகியவற்றை எழுதிவிடுங்கள். வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து இதைச் செய்ய வேண்டும். தோட்டத்தின் பெயர் அவர்களுக்கு மட்டுமே தெரிந்திருக்கும்.